சடுகுடுவும் அதன் பெரும் ஆட்டக்காரர்களும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சடுகுடு அறுவடையோடு ஒட்டிப் பிறந்த ஆட்டம். வடக்கே சங்கராபரணி, தெற்கே தென்பெண்ணை, நடுவே ஏரிப் பாசனம் என்று நெல்லுக்கும் கரும்புக்கும் பேர்போன சமவெளி இது. சம்பா அறுத்து, போரடித்து, நெல் வீடு சேர்ந்த பிறகுதான் உழைக்கும் ஆட்களுக்கு ஓய்வும் ஆட்டத்துக்கு இடமும் ஒருசேர வாய்த்தன. காலியான நெற்களமோ, ஆற்று மணலோ, நீர் வற்றிய ஏரியின் ஓரமோ ஆடுகளமாயிற்று. பொங்கலை ஒட்டிய நாட்களில் ஊருக்கு ஊர் ஆட்டம் நடந்தது. இங்கே மட்டுமன்றி, எல்லைக்கு அப்பால் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களிலும் இதே வழக்கம் இருந்தது.

ஆட்டத்துக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குதிகாலால் நடுக்கோடு கீறி, இரு பக்கமும் ஆட்கள் நின்றால் போதும். ஒருவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டு, பாட்டு அறுபடாமல் கோட்டுக்குத் திரும்பினால் தொடப்பட்டவர் ஆட்டமிழப்பார். பாடி வந்தவரை எதிரணி பிடித்து, மூச்சு விடும்வரை அமுக்கி வைத்தால் ஆட்டமிழப்பவர் அவர். பாடும் பாட்டு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. எதிரணியைச் சீண்டும் அடிகளை ஆட்டக்காரர்கள் தாங்களே கட்டிப் பாடினார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், களம் எவ்வளவு நீளம் என்பதை அன்றன்று கூடியவர்கள் பேசி முடிவு செய்தார்கள். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து எழுதியபோது சடுகுடுவுக்கும் அதில் இடம் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதை முடிவு செய்தது வேடிக்கை பார்த்த கூட்டம். நீண்ட மூச்சு முதல் தகுதி. அடுத்தது கால்: உதைத்துத் தொடுவதும், பிடிபட்ட பிறகு இரண்டு மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுவதும். பிடிப்பவர்களில் கணுக்காலைப் பற்றுகிறவருக்கும் தொடையைக் கட்டிக்கொள்கிறவருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அவர்கள் எத்தனை பேரைத் தொட்டார்கள், எத்தனை முறை பிடித்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே ஒருவருடைய புகழ் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களின் பேச்சில்தான் இருந்தது. ஆட்டக்காரர் போய்வந்த ஊர்களைத் தாண்டி அது போகவில்லை.

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் அரசியல் எல்லை இந்த வரலாற்றில் ஒரு தனிக் கூறு. பிரெஞ்சு இந்தியாவின் நிலம் ஒரே துண்டாக இருக்கவில்லை. ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களோடு பின்னிக் கிடந்தது. ஒரு வயலின் வரப்புக்கு இப்பால் பிரெஞ்சு ஆட்சி, அப்பால் ஆங்கில ஆட்சி என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த பெத்தாங்க் என்ற குண்டெறியும் ஆட்டம் நகரத்தில் இன்றும் ஆடப்படுகிறது. கொம்யூன்களிலோ உறவும் சந்தையும் திருவிழாவும் போலவே சடுகுடுவும் வரப்பைப் பார்க்காமல் இரு பக்கமும் புழங்கியது. விதிகளும் சங்கங்களும் வந்த பிறகுதான் எல்லைக்கு ஆட்டத்தில் பொருள் உண்டாயிற்று. இன்று பாகூரில் பிறந்தவர் புதுச்சேரி அணிக்கும், சில கிலோமீட்டர் தள்ளிக் கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர் தமிழ்நாட்டு அணிக்கும் ஆடுகிறார்கள். தேசியப் போட்டிகளில் இரண்டும் தனித்தனி அணிகள்.

விதிகளை எழுதும் வேலை மராட்டியத்தில் தொடங்கியது. அங்கே ஹுதுது என்று அழைக்கப்பட்ட இதே வகை ஆட்டத்துக்கு 1920களில் வரையறைகள் வகுக்கப்பட்டன. 1923இல் பரோடாவில் அவற்றின்படி போட்டி நடந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் இந்த ஆட்டத்தை வெளிநாட்டாருக்கு ஆடிக் காட்டியது. இந்த ஆட்டத்துக்குக் கபடி என்ற பொதுப்பெயரில் 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது. மகளிர் போட்டி 1955இல் கல்கத்தாவில் தொடங்கியது. பழைய கூட்டமைப்பின் இடத்துக்கு 1970களின் தொடக்கத்தில் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு வந்தது.

கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது சஞ்சீவினி முறை: எதிரணியில் ஒருவர் ஆட்டமிழந்தால், தன் அணியில் முன்பு வெளியேறிய ஒருவர் உள்ளே திரும்பலாம். காமினி முறையில் வெளியேறியவர் வெளியேறியவரே. அமர் முறையில் யாரும் வெளியேறுவதில்லை, புள்ளி மட்டும் ஏறும். ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வரையறுக்கப்பட்டது. அணிக்கு ஏழு பேர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. எதிரணி முழுவதையும் ஆட்டமிழக்கச் செய்தால் லோனா என்று இரண்டு கூடுதல் புள்ளி. ஊர்ப் பாட்டுகளுக்கு அதிகாரபூர்வப் போட்டியில் இடமில்லாமல் போயிற்று. ‘கபடி’ என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றானது. பின்னர் ரெய்டுக்கு, அதாவது பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்வருவதற்கு, 30 நொடி என்று காலவரம்பு வந்தது. மூச்சின் நீளத்தால் பெயர் வாங்கியவருக்கு இருந்த தனி மதிப்பு இதனால் குறைந்தது. அரை நிமிடத்துக்குள் முடிவெடுத்துத் தாக்குகிறவர் மேலே வந்தார்.

கிராமத்து ஆட்டக்காரரைக் கபடி தாங்கிப் பிடித்தது பரிசுப் பணத்தால் அன்று, வேலையால். ரயில்வே, ராணுவம், காவல்துறை, மின்வாரியம், வங்கிகள் ஆகியவை தங்களுக்கென்று அணி வைத்துக்கொண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்தன. நன்றாக ஆடினால் அரசு வேலை கிடைக்கும் என்பது நிலமற்ற, சிறு நிலமுள்ள குடும்பங்களுக்குப் பெரிய ஈர்ப்பு. மாசி கழிந்ததும் முடிந்துபோகிற பொழுதுபோக்காக இருந்தது ஆண்டு முழுவதும் பயிற்சி கேட்கும் தொழிலானது இப்படித்தான்.

1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கபடி காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாயிற்று. அன்று முதல் 2014 வரை ஏழு முறை தொடர்ந்து ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. அந்தத் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாடு தந்த பெரும் பெயர்கள் இரண்டு. எஸ். ராஜரத்தினம் 1994ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி ஊரின் பி. கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அர்ஜுனா விருது 1995ஆம் ஆண்டுக்காக அவருக்குக் கிடைத்தது. அவர் வாழ்க்கையின் உந்துதலில் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025இல் வெளிவந்தது. அதற்கு முன்பே ‘கில்லி’ (2004), ‘வெண்ணிலா கபடி குழு’ (2009) ஆகிய படங்கள் கபடி ஆட்டக்காரனைத் தமிழ்த் திரையின் நாயகனாக்கியிருந்தன. ஆயினும் ராஜரத்தினமும் கணேசனும் ஆடிய ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அவர்கள் எடுத்த புள்ளிகளின் முழுக் கணக்கு ரசிகர்கள் கைக்கு வந்ததே இல்லை.

இந்தக் குறை கபடிக்கு மட்டும் உரியதன்று. எதிராளியின் நிலத்துக்குள் நுழைவதும், நுழைந்தவரை உடலால் மடக்குவதும் அமெரிக்கக் கால்பந்துக்கும் அடிப்படை. அந்நாட்டு ரசிகர்கள் யார் மிகப் பெரியவர் என்று வாதிடும்போது எண்களை வைத்துத்தான் வாதிடுகிறார்கள். ஜிம் பிரவுன் ஒன்பது பருவங்களில் 12,312 கெஜம் பந்தோடு ஓடினார். ஜெர்ரி ரைஸ் 22,895 கெஜத்துக்குப் பந்து பிடித்தார். டாம் பிரேடி ஏழு சூப்பர் பவுல் வென்றார். பந்தெறிபவரை அவர் எறிவதற்கு முன்பே வீழ்த்தும் ‘சாக்’ கணக்கோ 1982 முதல்தான் அங்கே அதிகாரபூர்வமானது. 1960களில் அக்கலையில் பெயர் பெற்ற டீக்கன் ஜோன்ஸின் சாக்குகள் அதனால் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறவில்லை. ஓடுகிறவருக்கு எண் இருந்தது, மடக்குகிறவருக்கு இல்லை. கபடியில் நீண்ட காலம் இருவருக்குமே இல்லை.

அந்த நிலையை மாற்றியது 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக். முதல் பருவத்தைத் தொலைக்காட்சியில் 43.5 கோடிப் பேர் பார்த்ததாக அப்போது செய்தி வந்தது. ஒவ்வொரு ரெய்டும் ஒவ்வொரு பிடியும் ஆட்டக்காரர் பெயரோடு பதிவாயின. மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று கூடுதல் புள்ளி தரப்பட்டது. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும் என்ற விதியும் வந்தது. அரியானாவின் பர்தீப் நர்வால் 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அதே பருவத்தில் ஒரே ஆட்டத்தில் 34 எடுத்தார். லீக்கில் 1,000 ரெய்டு புள்ளியை முதலில் கடந்தவரும் அவரே. ‘யார் பெரியவர்’ என்ற ஊர்ப் பேச்சுக்கு எண் வந்து சேர்ந்தது.

லீக்கின் தொடக்க ஆண்டுகளில் தமிழர்களின் பங்கு பயிற்சியிலும் பிடியிலும் கூடுதலாகத் தெரிந்தது. முதல் பருவத்தை வென்ற ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் அணிக்குப் பயிற்சியளித்தவர் கே. பாஸ்கரன், இரண்டாம் பருவத்தை வென்ற யு மும்பாவுக்கு ஈ. பாஸ்கரன். பின்னவருக்கு 2023ஆம் ஆண்டுக்கான வாழ்நாள் துரோணாச்சாரியார் விருது அளிக்கப்பட்டது. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியின் தர்மராஜ் சேரலாதன் மூலையில் நின்று கணுக்கால் பிடிக்கும் தற்காப்பு ஆட்டக்காரர். அவர் தலைமையில் பட்னா பைரேட்ஸ் 2016இல் நான்காம் பருவத்தை வென்றது. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். நாற்பது வயதைக் கடந்தும் களத்தில் நின்ற அவரை மற்ற மாநில ஆட்டக்காரர்களும் ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். ரெய்டில் கே. பிரபஞ்சன் 2019இல் பட்டம் வென்ற பெங்கால் வாரியர்ஸ் அணியில் ஆடினார். சென்னையைத் தளமாகக் கொண்ட தமிழ் தலைவாஸ் 2017இல் லீக்கில் சேர்ந்து, 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது.

இந்தியாவின் தனியாதிக்கம் 2018இல் உடைந்தது. ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆடவர் அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது; மகளிர் அணியும் இறுதியில் ஈரானிடமே தங்கத்தை இழந்தது. 2023இல் ஹாங்சோவில் இரு அணிகளும் தங்கத்தை மீட்டன. மகளிர் கபடி ஆசிய விளையாட்டில் நுழைந்தது 2010இல்தான். தமிழ்நாட்டில் அதன் அண்மைக் கால முகம் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் ஆடினார். அதே போட்டியில் தங்கம் வென்ற ஆடவர் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ் இருந்தார்.

மண்களத்திலிருந்து மேட் என்னும் செயற்கை விரிப்புக்கு மாறியதும் ஆட்டத்தின் இயல்பைத் திருத்தியது. மண்ணில் வெறுங்கால் வழுக்கும். பிடிப்பவருக்கும் ஊன்றி நிற்க இடம் குறைவு. அங்கே எடையும் இழுக்கும் வலிமையும் பேசும். விரிப்பில் காலணியோடு சட்டென்று திரும்பலாம், பாயலாம். வேகத்துக்கும் கணுக்கால் பிடிக்கும் மதிப்பு ஏறிவிட்டது. மண்ணில் பெரியவர் விரிப்பிலும் பெரியவராக இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களில் இரண்டு ஆட்டமும் இன்று அருகருகே நிற்கின்றன. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இளைஞர் மன்றங்கள் மண்களத்தில் விளக்கு கட்டி இரவுப் போட்டி நடத்துகின்றன. சுவரொட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கோப்பை கொடுப்பவர் பெயர் எல்லாம் இருக்கும். எடைப் பிரிவு வைத்து நடப்பவையும் உண்டு. மாநில அணித் தேர்வுக்குப் போக விரும்புகிறவர் அதோடு மேட் ஆட்டத்தையும் தனியே பழக வேண்டும். நுழைவாயில் இன்னும் ஊர்ப் போட்டிதான். அங்கிருந்து மாவட்ட, மாநிலத் தேர்வு, தேசியப் போட்டி, துறை அணி அல்லது லீக் ஏலம் என்பது வழி. முன்பு ஒருவர் பெயரைச் சுற்றுப்பட்டு ஊர்கள் வரை கொண்டுபோன ஆட்டம், இன்று அதை எண்ணாக்கி நாடு முழுவதும் காட்டுகிறது. அந்த எண் 2014 முதலான லீக் ஆட்டங்களை மட்டுமே அளக்கிறது. அதற்கு முன் ஆடிய தேசிய அணியினருக்குச் சான்றாக இருப்பவை பதக்கமும் விருதுப் பட்டியலும். நெற்களத்தில் ஆடியவர்களுக்குப் பார்த்தவர்களின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை.