பிள்ளைகளின் மனச்சோர்வு: அடையாளம் காண்பது எப்படி, உதவி எங்கே?

தஞ்சோங் மாலிம் – நாட்டில் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ளன என்கிறது சுகாதார அமைச்சின் 2022 தேசிய ஆய்வு. 2017இல் 18.3 விழுக்காடாக இருந்த அளவு, 2022இல் 26.9 விழுக்காடானது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொன்ன மாணவர்கள் 6.9 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடாக உயர்ந்தனர். தற்கொலை எண்ணம் இந்திய மாணவர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதை 2017 ஆய்வு காட்டியது.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

பேராக்கின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிம், 2016இல் உருவான முவாலிம் மாவட்டத்தின் முக்கிய நகரம். பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில துண்டாடப்பட்டன. லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான்களிலும் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறின. லயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியோ அத்தையோ பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிப்பார்கள். தாமானில், பெற்றோர் இருவரும் ஷிப்டு வேலைக்குப் போனால், பிள்ளை மணிக்கணக்கில் தனியே இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்கோ புகுமுக வகுப்புக்கோ போகும் ஆண்டு பலருக்குக் கடினமானது. பாடம் புரியாமை, கேலி, பகடிவதை, பேருந்துக் கட்டணத்துக்கும் பணமில்லாத வெட்கம் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. ஏழ்மை மட்டுமே மனச்சோர்வைக் கொண்டுவருவதில்லை. ஆனால் கடன், வீட்டுச் சண்டை, குடிப்பழக்கம் ஆகியவை அதனுடன் சேரும்போது ஆபத்து கூடுகிறது.

சோம்பல் அல்ல, நோய்

பதின்ம வயதினரின் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. பெரும்பாலும் அது எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியும். அதனால்தான் வீட்டில் "திமிர்", "சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறோம். சிலர் செய்வினை என்று பூசாரியிடம் அழைத்துச் செல்கிறார்கள். கீழ்க்கண்ட மாற்றங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்:

• தூக்கமின்மை, அல்லது நாள் முழுவதும் தூக்கம்
• பசி குறைதல், காரணமில்லாத தலைவலி, வயிற்றுவலி
• பள்ளிக்கு மட்டம் போடுதல், மதிப்பெண் திடீரெனச் சரிதல்
• விருப்பமான விளையாட்டு, நண்பர்களை விட்டு விலகுதல்
• "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு
• பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், உடலில் காயப்படுத்திக்கொள்ளுதல்

கடைசி இரண்டும் உடனடி ஆபத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றே உதவி தேட வேண்டும்.

நேராகக் கேளுங்கள்

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று அமைதியாகக் கேட்பது பிள்ளையின் பாரத்தைக் குறைக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் திட்டவோ, குடும்ப மானத்தைப் பேசவோ கூடாது. பிள்ளையைத் தனியே விடவும் கூடாது.

வீட்டிலுள்ள களைக்கொல்லி, பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி வைப்பது உயிர் காக்கும். இந்த எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் இருக்கும்; அந்த நேரத்தில் கைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் பிழைத்துவிடுவார்கள். கடும் நச்சுப் பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில், 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது.

சட்டம் மாறிவிட்டது

முன்பு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு இடமளித்தது. போலீஸ் வரும் என்ற பயத்தில் சில குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகவே தயங்கின. 2023 மே மாதம் மக்களவை அந்தப் பிரிவை நீக்க ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11 முதல் அது நடப்புக்கு வந்தது. மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல இனி அஞ்ச வேண்டியதில்லை.

உதவி எங்கே?

முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரை அணுகலாம். அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்குள்ள மருத்துவர் கேள்வித்தாள் மூலம் பரிசோதித்து, தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் அனுப்புவார். லேசான சோர்வுக்கு ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தானாக நிறுத்தக் கூடாது.

உயிருக்கு ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள், அல்லது சிலிம் ரிவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பேசுவதற்கு: ஹீல் மனநல உதவி எண் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. பிள்ளை பேச மறுத்தாலும், பெற்றோரே அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.