வசந்தம் என்னும் கொடுநோய்

வசந்தம் என்றதும் தளிரையும் தென்றலையும் பாடுவது புலவர் மரபு. ஆனால், வங்க நாட்டு மக்களின் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. வைசூரி நோயை அவர்கள் 'வசந்தம்' என்றே அழைத்தனர். மா பூக்கும் பருவமே அங்கு மரண பயத்தின் பருவமாகவும் இருந்தது. கண்டவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரை அந்நோய் கொன்றது; பிழைத்தவரிற் பலர் வடுவோடும், சிலர் பார்வையிழந்தும் வாழ்ந்தனர்.

இதற்குப் பருவத்தின்மீது மட்டும் பழி சுமத்துதல் பொருந்தாது. வறண்ட காற்றில் அந்நோய்க் கிருமி நெடுநேரம் அழியாதிருக்கும் என்பது உண்மையே. எனினும், அறுவடை முடிந்து திருமணங்களும் திருவிழாக்களும் பயணங்களும் பெருகும் காலமும் அதுவன்றோ? மனிதர் கூடிய இடமெல்லாம் நோயும் பரவிற்று.

காரணம் அறியாத மக்கள் இதனைச் சீதளா தேவியின் சினம் என்றனர். சீதளா என்றால் குளிர்ந்தவள் என்பது பொருள். நம் மட்டக்களப்புக் கண்ணகியம்மன் கோயில்களின் குளிர்த்திச் சடங்கிலும் இதே அச்சத்தின் சாயலைக் காணலாம்.

ஆனால், வங்க மக்கள் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. ஹொல்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767இல் எழுதிய குறிப்பு இதற்குச் சான்று. அம்மை குத்துவோர் ஆண்டுதோறும் வசந்தத் தொடக்கத்தில் ஊர்களுக்கு வந்தனர். முந்திய ஆண்டு குத்தப்பட்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைப் பஞ்சிற் பேணி வைத்து, கையில் சிறு கீறல் இட்டு அதன்மேல் வைத்தனர். மீன், பால், நெய் ஆகியவற்றை முன்கூட்டியே விலக்கும்படி பணித்தனர். மாலை கட்டுவோரும் நாவிதரும்கூட இத்தொழிலைச் செய்தனர்.

சுமார் 30 ஆண்டுகளின் பின், 1796 மே 14ஆம் நாள், இங்கிலாந்தில் எட்வேட் ஜென்னர் மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவனுக்குக் குத்தினார். மாட்டம்மை கண்ட பாற்காரிகளுக்கு வைசூரி வருவதில்லை என்ற நாட்டுப்புற அறிவே அவருக்கு வழிகாட்டிற்று. மேதையின் பெயரை ஏட்டில் எழுதிய வரலாறு, அவருக்குக் கற்பித்த உழைப்பாளரை மறந்தது.

பழைய முறையால் நோய் பிறருக்குத் தொற்றும் அபாயம் இருந்தது. ஆகவே புதிய முறை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அது வந்த விதம் வேறு. 1865இல் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அம்மை குத்துதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அம்மைப்பாலோ வெப்பத்தில் வலுவிழந்தது. கிராமங்களுக்குப் போதிய அளவிற் கிட்டவுமில்லை. மக்கள் தயங்கியபோது, ஆட்சியாளர் அதனை மூடநம்பிக்கை என்றனர். தம் குறையை மக்களின் தலையிற் கட்டுவது எல்லாக் கால ஆட்சியாளருக்கும் எளிது.

1958இல் சோவியத் விஞ்ஞானி விக்டர் ஷ்தானோவ், வைசூரியை உலகிலிருந்தே ஒழிக்கவேண்டும் என உலக சுகாதார சபையில் முன்மொழிந்தார். வெப்பத்தைத் தாங்கும் உலர்ந்த அம்மைப்பாலைச் சோவியத் நாடு பெருமளவில் வழங்கிற்று. 1967இல் பணி தீவிரமடைந்தது. பனிப்போரில் எதிரெதிராய் நின்ற நாடுகள் இதில் ஒன்றுசேர்ந்தன.

ஆயினும், 1974இல் இந்தியாவில் 1,88,000 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 31,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருந்துயர் பீகாரிலே நிகழ்ந்தது. ஊழியர் வீடு வீடாகச் சென்றனர், சந்தைகளிலும் பள்ளிகளிலும் நோயாளியின் படத்தைக் காட்டி, "இத்தகையோரைக் கண்டீர்களா?" என விசாரித்தனர். நோயாளியைச் சூழ இருந்தோர் அனைவருக்கும் அம்மைப்பால் குத்தினர். 1975 மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் அந்நோய் இல்லை. 1980 மே 8ஆம் நாள், உலகம் வைசூரியினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்று வங்கக் குழந்தைக்கு வசந்தம் அச்சமின்றி வருகிறது. அது இயற்கை தானே வழங்கிய கொடையன்று. பெயர் தெரியாத பல்லாயிரவர் நடந்து நடந்து ஈட்டித் தந்தது. வகுப்பறையில் இளவேனிற் பாடல்களை விளக்கும் ஆசிரியர்கள், அவர்களைப் பற்றியும் மாணவருக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.