குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா? வாலபி ரெண்டும்தான்!

ஸ்ரீரங்கத்துக்காரங்க திண்ணையில கேட்டு வளர்ந்த கதை இது. குரங்குக்குட்டி, அம்மாவைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கணும். பூனைக்குட்டியை அம்மாவே கவ்விட்டுப் போயிடும். பெருமாளை நாம பிடிச்சுக்கணுமா, அவரே நம்மைத் தூக்கிப்பாரா? முதலாவது வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். அடுத்தது தென்கலையாரின் மார்ஜார நியாயம். பல நூற்றாண்டு விவாதம். அதுக்குள்ள நாம தலையிட வேணாம், வம்பு!

ஆனா, ரெண்டு கட்சியிலயும் சேர்ற ஒரு குட்டி ஆஸ்திரேலியாவுல இருக்கு. கங்காருவோட குள்ளமான சொந்தக்கார வாலபி.

'டாமர்' வகை வாலபிக்குக் கர்ப்பகாலம் ஒரு மாசம்கூட இல்லை. பிறக்கும் குட்டி அரை கிராமுக்கும் குறைவு. கண் திறந்திருக்காது, முடி கிடையாது, பின்னங்கால் சரியா உருவாகியிருக்காது. முன்னங்கால் மட்டும் ரெடி. அதை வெச்சே அம்மாவின் ரோமத்தைப் பற்றிப் பற்றி வயிற்றுப் பைக்குள்ள ஏறிடும். அம்மா தூக்கி வைக்கிறதில்லை. இதுவரை குரங்குக்குட்டி.

உள்ளே போய்க் காம்பைக் கவ்வினதும், அது வாய்க்குள்ளேயே உப்பிக்கும். இனி சுலபத்துல நழுவாது. அடுத்த எட்டு, ஒன்பது மாசம் சுமக்கிறது அம்மா வேலை. இப்போ பூனைக்குட்டி!

பால்தான் இன்னும் ஆச்சர்யம். குட்டி வளர வளர பாலின் சேர்மானமும் மாறும். சில வாலபி, கங்காரு இனங்களில், பையைவிட்டு வெளியே வந்த மூத்தது தலையை மட்டும் உள்ளே நீட்டி ஒரு காம்பில் குடிக்கும். புதுசா பிறந்தது இன்னொரு காம்பில். ஒரே நேரத்தில் ரெண்டு விதப் பால்!

இந்தப் பை டெக்னிக்தான் மனுஷக் குழந்தைக்கும் வந்தது. 1978-ல், கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. டாக்டர் எட்கர் ரே, எடை குறைந்த குழந்தைகளை அம்மாவின் நெஞ்சோடு, தோலும் தோலும் படும்படி கட்டிவைத்தார். அதுதான் 'கங்காரு கேர்'. குழந்தைக்கு டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும். மேலே துணியால் ஒரு கட்டு. அம்மாவின் சூடு, பக்கத்திலேயே பால். குறைமாதக் குழந்தைகளுக்கும், எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கும், பிறந்ததுமே இதை ஆரம்பிங்கனு 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒருநாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாம, முடிஞ்சா நாள் முழுக்க.

அக்காவுக்கோ அண்ணிக்கோ குறைப்பிரசவம்னா, 'கங்காரு கேர் எப்போ ஆரம்பிக்கலாம்?'னு வார்டு நர்ஸைக் கேளுங்க. அப்பா, பாட்டி, சித்தி யார் வேணாலும் முறை போட்டுச் சுமக்கலாம். சளி, காய்ச்சல் இருக்கிறவங்களுக்கு மட்டும் லீவு.