படம் முடிந்த இடத்தில் தொடங்கிய கதை

பேஸ்பால் மட்டை என்றதும் நம்ம ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சினிமா அடியாள்தான். சுமோவில் இருந்து இறங்கும் பத்துப் பேரில் நான்கு பேர் கையிலாவது அது இருக்கும்! மதுரை கே.கே. நகரில் சாயங்கால வேளையில் எந்தக் காலி இடத்தைப் பார்த்தாலும் டென்னிஸ் பால் கிரிக்கெட்தான். பேஸ்பாலை ஒரு விளையாட்டாகப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

அப்படிப்பட்ட ஒரு நாட்டில் இருந்து, பேஸ்பாலைக் கண்ணால்கூடப் பார்த்திராத இரண்டு பையன்கள் அமெரிக்கா போய், அங்கே சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். (2023 ஐபிஎல்லில் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்தாரே, அந்த ரிங்கு சிங் வேறு. இவர் வேறு.)

அவர்கள் கதைக்குப் போவதற்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு பையன் வழக்கமாக எந்த வழியில் மேலே வருகிறான் என்று பார்த்துவிடலாம்.

கம்யூனிட்டி காலேஜ் வழி

அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருடப் படிப்பு தரும் கல்லூரி. கட்டணம் குறைவு, பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள்தான் சேர்வார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத ஆட்டக்காரர்களுக்கு அதுதான் வாசல். ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' என்று ஒன்று நடக்கும். முப்பது மேஜர் லீக் அணிகளும் முறை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். தேர்வானவர்கள் நேராகப் பெரிய மைதானத்துக்குப் போய்விட முடியாது. மைனர் லீக் என்ற ஏணியில் கீழ்ப்படியில் இருந்து ஏற வேண்டும்.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் இந்த வழியில் வந்தவர். டொமினிக்கன் குடியரசில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்கா வந்தவர். கன்சாஸ் சிட்டியில் மேப்பிள் வுட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் ஒரு சீசன் ஆடினார். 1999 டிராஃப்டில் 13-வது சுற்றில், 402-வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அவருக்கு முன்னால் 401 பேர்! 2022-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 703 ஹோம் ரன்கள் இருந்தன. மைக் பியாட்ஸா கதை இன்னும் வேடிக்கை. மயாமியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இருந்தவரை 1988-ல் 62-வது சுற்றில் எடுத்தார்கள், அதுவும் அப்பாவின் நண்பர் சிபாரிசால். 2016-ல் அவர் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற உச்ச மரியாதையைப் பெற்றார்.

கடைசி வரிசையில் இருந்து வந்தவர்கள்தான் இருவரும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காலேஜில் கால் வைக்கும் முன்பே இருவரும் சிறுவயதில் இருந்து பல வருடம் பேஸ்பால் ஆடியவர்கள். ரிங்குவுக்கும் தினேஷுக்கும் அந்த வருடங்கள் கிடைக்கவே இல்லை.

ஈட்டியில் இருந்து பந்துக்கு

ஜே.பி. பெர்ன்ஸ்டீன் அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களுக்கு ஏஜென்டாக இருந்தவர். கிரிக்கெட் ஆடும் இத்தனை கோடி பேரில் வேகமாக எறியும் கை ஒன்றாவது இருக்காதா என்பது அவர் கணக்கு. 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பெயரில் இந்தியாவில் ஒரு டிவி போட்டி நடத்தினார். 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்து பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் முதலிடம். பரிசு ஒரு லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய். தினேஷ் இரண்டாமிடம்.

இருவருமே கிரிக்கெட் பவுலர்கள் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. உத்தரப் பிரதேசத்தில் காசிப் பக்கத்துக் கிராமப் பையன்கள், லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். ரிங்குவின் அப்பா லாரி டிரைவர். யோசித்துப் பார்த்தால் இதில் காரணம் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டினால் நோ பால். ஈட்டியிலும் பேஸ்பாலிலும் கை பின்னால் போய், மடங்கி, சாட்டை மாதிரி முன்னால் வர வேண்டும். நம் பவுலர் பல வருடம் பழகியதை மறக்க வேண்டியிருக்கும். ஈட்டிக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதே 2008-ல் இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பழைய பிட்சர் பயிற்சி கொடுத்தார். 1974-ல் ஹாங்க் ஆரன் உலகப் புகழ்பெற்ற 715-வது ஹோம் ரன் அடித்தாரே, எல்லைக்கு அப்பால் நின்று அந்தப் பந்தைப் பிடித்தவர் இவர்தான். வேகம் இருவருக்கும் ஏற்கனவே இருந்தது. 18.44 மீட்டர் தூரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பந்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டுமே, அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கூடவே ஆட்டத்தின் விதிகள், ஆங்கிலம், சாப்பாடு எல்லாமே புதுசு.

2008 நவம்பரில் அரிசோனாவில் மேஜர் லீக் அணிகளின் ஸ்கவுட்டுகள் முன்னால் எறிந்து காட்டினார்கள். அதே மாதம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க மேஜர் லீக் அணியோடு ஒப்பந்தமான முதல் இந்தியர்கள்!

2014-ல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தது. இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். ஒப்பந்தம் கிடைத்ததோடு படம் சுபமாக முடிகிறது. உண்மையான ஆட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஏணி

அன்றைய மைனர் லீக்கில் ரூக்கி, குறுகிய சீசன் ஏ, லோ ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஆறு படிகள். அதற்கு மேல்தான் மேஜர். இருவரையும் ஃப்ளோரிடாவில் ரூக்கி அணியில் போட்டார்கள். 2009 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று ரிங்கு முதல்முறையாகக் களம் இறங்கினார். ஜூலை 13-ல் முதல் வெற்றி அவர் பெயரில் பதிவானது.

பிட்சரை அளக்க 'ஈ.ஆர்.ஏ.' என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது. குறைந்தால் நல்லது. முதல் சீசனில் ரிங்குவுக்கு 5.84, தினேஷுக்கு 1.42. இதை மட்டும் பார்த்தால் மேலே போகப் போவது தினேஷ் என்றுதான் யாரும் சொல்வார்கள். நடந்ததோ தலைகீழ். 2010 டிசம்பரில் தினேஷை அணி விடுவித்தது. அவர் இந்தியா திரும்பினார். ரிங்கு 2011-ல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்கு, அதாவது லோ ஏ படிக்கு ஏறினார். சில ஆட்டங்களின் கணக்கு ஒருவரின் தலையெழுத்தைச் சொல்லிவிடாது.

அதன் பிறகு கை மக்கர் செய்தது. 2013-ல் ரிங்குவுக்கு 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதில் உடம்பின் வேறு இடத்துத் தசைநாரை எடுத்துப் பொருத்துவது. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்ததால் அந்தப் பெயர். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ரிங்குவால் பழையபடி திரும்ப முடியவில்லை. மேஜர் லீக்கில் இருவருமே ஒரு பந்துகூடப் போடவில்லை. 2018-ல் ரிங்கு டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்தில் சேர்ந்து, பிறகு வீர் மஹான் என்ற பெயரில் மேடை ஏறினார்.

வரவு செலவு

இந்த ஏணியில் நிற்பவர்களின் வருமானத்தையும் பார்க்க வேண்டும். சமீப காலம் வரை ரூக்கி படியில் ஆண்டுக்கு 4,800 டாலர்தான். டிரிபிள் ஏ வரை போனவர்கள்கூட சீசன் இல்லாத மாதங்களில் வேறு வேலை பார்த்தார்கள். 2022-ல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் வந்த முதல் ஊதிய ஒப்பந்தத்தில் ரூக்கி சம்பளம் 19,800 டாலராகவும், டிரிபிள் ஏ சம்பளம் 35,800 டாலராகவும் உயர்ந்தது. ஒரு பக்கம் மேஜரில் பல லட்சம் டாலர்கள், ஒரே ஒரு படி கீழே இந்தத் தொகை. ஒரு பூஹோல்ஸ் மேலே வர, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கீழே இந்தச் சம்பளத்தில் ஆட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ரிங்குவும் தினேஷும் தோற்றுவிட்டார்களா? பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல்முறை பேஸ்பாலைத் தொட்டு, பிறந்ததில் இருந்து ஆடியவர்களோடு மோதி, ஒருவர் மூன்றாவது படி வரை போனார். இதைத் தோல்வி என்று சொல்ல மனசு வரவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஏணியின் நடுவில் ஒரு இடம். ஏணியின் அடிப்பகுதி அவர்கள் ஊரில் இல்லவே இல்லை.

அடிப்பகுதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். அவரும் ஏழை வீட்டுப் பையன், இருபது வயது வரை டென்னிஸ் பால்தான். ஆனால் அவருக்கு சென்னை லீக் இருந்தது, 2015-ல் ரஞ்சி இருந்தது, 2016-ல் தொடங்கிய டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணி இருந்தது. பந்து வீசும் முறையில் சந்தேகம் கிளம்பியபோது திருத்திக்கொண்டு திரும்பவும் நேரம் கிடைத்தது. 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம். அதே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகம்.

திறமை கோபிகஞ்சிலும் இருக்கும், சின்னப்பம்பட்டியிலும் இருக்கும், கே.கே. நகர் காலி மனையிலும் இருக்கும். 37,000 பேரில் ஒருவனைக் கண்டுபிடிக்க ஒரு டிவி போட்டி போதும். அவனை வளர்க்க, தினமும் சாயங்காலம் திறந்திருக்கும் ஒரு மைதானமும், தப்பைச் சொல்லித் திருத்த ஒரு ஆளும், பல வருடங்களும் வேண்டும்.