திறவாத போத்தல்



வரலாறும் இலக்கியமும் பேசப்படும் இந்த நிகழ்ச்சியிலே பியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இந்தத் தமிழாசிரியன் என்று உங்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நான் மது அருந்துபவன் அல்லன். ஆயினும் எங்கள் ஒழுங்கையில் வாழும் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் ஒருவர் ஒரு நாள் மாலை என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தம்பி வெளிநாடு போவதற்கு முதல் வாரம் வாங்கி வைத்த பியர்ப் போத்தல் ஒன்று, திறக்கப்படாமலே, இருபது வருடங்களுக்கு மேலாக அவர் வீட்டு அலுமாரியிற் கிடக்கிறதாம். தம்பி திரும்பி வந்ததும் இருவருமாகத் திறப்பது என்பது ஏற்பாடு. தம்பி இன்னும் வரவில்லை.

"மாஸ்ரர், நீங்கள் நாலு புத்தகம் வாசிக்கிறனீங்கள். இதை இனிக் குடிக்கலாமோ, வைச்சிருக்கிறதோ, இல்லாட்டி ஊத்திறதோ?" என்றார்.

உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, அது ஒரு போத்தலின் கதையாக இல்லாமல், காத்திருந்த மனிதர்களின் கதையாக விரிந்தது.

முதலிலே விஞ்ஞானம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடி இறுக்கமாக உள்ள பழைய பியர் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. மதுசாரம், ஹொப் என்னும் கொடியின் பூவிலிருந்து வரும் கசப்பு, புளிப்புத் தன்மை, காபனீரொட்சைட்டு ஆகிய நான்கும் கூடியிருக்கும் இடத்திலே நோய் தரும் கிருமிகள் பிழைப்பது அரிது. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது வேறு, உவப்பாக இருக்கும் என்பது வேறு. மூடிக்குள் எஞ்சிய மிகச் சிறிய அளவு ஒட்சிசனே சாதாரண பியரைக் கெடுக்கப் போதும். மாதங்கள் செல்லச் செல்ல, நனைந்த கடதாசி மட்டையின் வாடை அதில் ஏறிவிடும். வெயில் பட்டால் இன்னும் மோசம். ஒளியானது ஹொப்பின் கசப்புப் பொருளைச் சிதைத்து, மூக்கைப் பொத்தச் செய்யும் கந்தகச் சேர்வை ஒன்றை உண்டாக்கும். பியர்ப் போத்தல்களைக் கபில நிறத்திற் செய்வதன் காரணம் இதுவே. சூடு இந்தக் கேடுகளை விரைவுபடுத்தும். எங்கள் ஊர்ச் சூட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் எந்த மதுவையுமே நாட்பட வைத்திருப்பதிற் பொருளில்லையா? இருக்கிறது. முதிர்ந்த மதுவின் பெருமையை நம்முடைய சங்கப் புலவர்களும் அறிந்திருந்தனர். மூங்கிற் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. நிலத்திற் புதைத்து முதிரவைத்த மதுவைப் புறநானூறு பேசுகிறது. ஆனால் பார்லியில் வடிக்கும் பியரை ஆண்டுக்கணக்காக வைத்திருந்த கதைக்கு நாம் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும்.

தோமஸ் ஹார்டியை இலக்கிய நேயர்கள் அறிவீர்கள். 1880 இல் வெளிவந்த 'த ட்ரம்பெற் மேஜர்' என்னும் நாவலிலே தம்முடைய பிரதேசத்துக் கடும் பியரை அவர் மிக ஆசையோடு வருணித்திருக்கிறார். 1928 இல் அவர் காலமானார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1968 இல், டோர்செஸ்டர் நகரத்து எல்ட்ரிஜ் போப் என்னும் மதுவடிசாலை, அவர் நினைவாக அவர் பெயரிலேயே ஒரு பியரை வடித்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சிறப்பு. எழுத்தாளனுக்குச் சிலை வைப்பார்கள், வீதிக்குப் பெயர் வைப்பார்கள். அவன் எழுதிய ஒரு பந்தியை வடித்துப் போத்தலில் அடைத்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்! சாதாரண பியரில் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும் மதுசாரம் இதிலே பன்னிரண்டு அளவில் இருந்தது. போத்தலுக்குள் உயிருள்ள மதுவமும் இருந்தது. அது உள்ளே எஞ்சிய ஒட்சிசனைத் தானே உண்டுவிடும். நின்று பிடிக்கும் பியரின் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இவ்வழக்கம் ஹார்டிக்கும் முற்பட்டது. ஆங்கிலேயச் செல்வர் வீடுகளிலே ஆண் வாரிசு பிறந்தால் அந்த ஆண்டே கடும் பியர் வடித்து நிலவறையில் வைப்பார்கள். பிள்ளைக்கு இருபத்தொரு வயது நிறையும் நாளில் அது திறக்கப்படும். பேர்ட்டன் நகரத்துப் பாஸ் மதுவடிசாலையில், ரட்கிளிஃப் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்ததைக் கொண்டாட 1869 இல் இவ்வாறு ஒரு பியர் வடிக்கப்பட்டது. அதன் போத்தல்கள் 2006 இல் அந்த நகரத்து நிலவறை ஒன்றிலே கண்டெடுக்கப்பட்டன. திறந்து சுவைத்தவர்கள் உலர்ந்த திராட்சையின் சுவையும் ஷெரி மதுவின் மணமும் இருந்ததாகச் சொன்னார்கள். 137 ஆண்டுகள்! அந்தக் குழந்தை வளர்ந்து, முதிர்ந்து, மறைந்து போன பின்னரும் போத்தல் இருந்திருக்கிறது.

அதே பேர்ட்டன் நகரிலே 1852 இல் வடிக்கப்பட்ட இன்னொரு பியர் உண்டு. 1845 இல் சேர் ஜோன் பிராங்கிளின் இரண்டு கப்பல்களோடும் 129 பேரோடும் வடதுருவக் கடலுக்குப் போய்க் காணாமற் போனார். அவரைத் தேடச் சென்ற சேர் எட்வேர்ட் பெல்ச்சரின் குழுவுக்காக, கடுங் குளிரிலும் இலகுவில் உறையாத பியர் ஒன்றை வடித்துத் தரும்படி சாமுவேல் அல்சொப்பின் மதுவடிசாலையிடம் கேட்கப்பட்டது. அவர்கள் வடித்த பியர் பெல்ச்சரின் பாராட்டைப் பெற்றது. தேடல்தான் தோற்றது. 1854 இல் நான்கு கப்பல்களைப் பனியிலே கைவிட்டுவிட்டுப் பெல்ச்சர் திரும்பினார். பிராங்கிளினின் கப்பல்கள் இரண்டும் 2014 இலும் 2016 இலும் கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டன. தேடியவர்களும் இல்லை, தேடப்பட்டவர்களும் இல்லை. 1875 இல் இன்னொரு துருவப் பயணத்துக்காக மீண்டும் வடிக்கப்பட்ட அதே வகைப் பியரின் போத்தல்கள் சில மட்டும், நூறாண்டுகளுக்குப் பின்னரும் குடிக்கத் தக்கனவாக எஞ்சியிருந்தன.

இவையெல்லாம் வைத்திருப்பதற்கென்றே வடிக்கப்பட்டவை. யாரும் எண்ணாமலே வைக்கப்பட்டுப் போனவையும் உண்டு. பின்லாந்துக்குரிய ஓலாந்துத் தீவுகளின் அருகே, ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழத்தில், 1840களில் மூழ்கிய கப்பல் ஒன்றை 2010 இல் சுழியோடிகள் கண்டார்கள். ஷாம்பெயின் போத்தல்களோடு சில பியர்ப் போத்தல்களும் அதில் இருந்தன. இருட்டும் குளிரும் உள்ள கடலடி, பியருக்கு அதைவிட நல்ல நிலவறை கிடையாது. ஆயினும் கடல்நீர் தக்கையூடு கசிந்திருந்தது. ஆய்வுகூடத்திலே திறந்தபோது பழைய பாற்கட்டியின் நெடியும் வெள்ளாட்டு மொச்சையும் எழுந்தனவாம். குடிக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்த வகையில் ஹொப் சேர்த்தார்கள், எப்படிக் காய்ச்சினார்கள் என்பதெல்லாம் அந்த நாறிய நீரிலிருந்தே தெரியவந்தது. என்னைக் கேட்டால், நூற்றெழுபது வருடப் பழைமையான பியருக்கு அதுதான் தக்க பயன்.

நான் அதிகம் நின்று வாசித்தது வேறொரு கப்பலின் கதையை. 'சிட்னி கோவ்' என்பது அதன் பெயர். 1796 நவம்பரிலே கல்கத்தாவிலிருந்து, புதிதாகத் தோன்றியிருந்த சிட்னிக் குடியேற்றத்தை நோக்கிப் புறப்பட்டது. சாராயமும் பியரும் அரிசியும் சீனியும் பீங்கானும் துணியும் விற்பனைக்காக ஏற்றப்பட்டிருந்தன. மாலுமிகளிற் பெரும்பாலானோர் லஸ்கார் எனப்பட்ட இந்தியக் கடலோடிகள். தெற்குக் கடலின் குளிரிலே அவர்களிற் சிலர் வழியிலேயே மடிந்தார்கள். நீர் புகுந்து தாழ்ந்த கப்பலை 1797 பெப்ரவரியில் தஸ்மேனியாவுக்கு வடகிழக்கேயுள்ள பிரிசர்வேஷன் தீவிலே கரையேற்றினார்கள். சாராயத்தை மாத்திரம் பக்கத்துச் சிறு தீவுக்கு மாற்றினார்கள், ஆட்கள் குடித்து அழிந்துபோகாமல் இருப்பதற்காக. அந்தத் தீவுக்கு இன்றும் 'ரம் தீவு' என்றுதான் பெயர்.

உதவி தேடிப் பதினேழு பேர் படகொன்றிற் புறப்பட்டனர். ஐவர் ஐரோப்பியர், பன்னிருவர் லஸ்கார்கள். படகு அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கிழக்குக் கரையில் உடைந்தது. அங்கிருந்து அறுநூறு கிலோமீற்றருக்கு மேலான தூரத்தைக் கரையோரமாக நடந்தார்கள். அம்மண்ணின் ஆதிக்குடிகள் பல இடங்களில் உணவு கொடுத்தார்கள், ஆறு கடத்திவிட்டார்கள். சில இடங்களில் மோதலும் நடந்தது. மே நடுப்பகுதியிலே ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுத்தபோது மூவரே உயிரோடிருந்தார்கள். வில்லியம் கிளார்க், ஜோன் பெனற் என்னும் மாலுமி, மற்றும் ஒரு லஸ்கார். அந்த மூன்றாமவரைப் பெரும்பாலான நூல்கள் 'ஒரு லஸ்கார்' என்று மட்டுமே குறிப்பிடுகின்றன. தீவிற் காத்திருந்தவர்களை ஏற்றிவர இரண்டு கப்பல்கள் போயின. அவற்றில் 'எலைசா' திரும்பும் வழியிலே, ஏற்றிய லஸ்கார்களோடு தொலைந்தே போனது.

1977 இல் அந்தச் சிதைவைச் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். பின்னர் தொல்லியலாளர் அகழ்ந்தெடுத்த பொருள்களிலே மது நிறைந்த போத்தல்களும் இருந்தன. தஸ்மேனியாவின் லோன்செஸ்டன் நகரத்து நூதனசாலையிலே பேணப்பட்ட அந்தப் பியரிலிருந்து உயிருள்ள மதுவத்தைப் பிரித்தெடுத்ததாகவும், இன்றைய மதுவங்களிலிருந்து அது வேறுபட்டதென்றும் ஆய்வாளர் அறிவித்தனர். 2018 இல் அந்த மதுவத்தைக் கொண்டு புதுப் பியர் வடித்து விற்றார்கள். மதுவத்தை மறுபடி எழுப்பிய அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தப் பியரை ஏற்றி இறக்கிய கைகளுக்குரியவர்களின் பெயர்களை யாராவது இவ்வளவு சிரமப்பட்டுத் தேடினார்களா என்ற எண்ணத்தையும் விலக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு நிலைய அதிபரின் வீட்டுக்குப் போனேன். போத்தலை எடுத்துக் காட்டினார். மதுசாரம் குறைந்த சாதாரண லாகர் வகை. அடியிலே மெல்லிய வண்டல் படிந்திருந்தது. மூடியில் துரு. "ஐயா, இது வைத்திருக்க வடித்த பியர் அல்ல. குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் ருசி இராது. மூடி கசிந்திருந்தால் தொடவே வேண்டாம். வைத்திருக்க விரும்பினால் வெளிச்சம் படாத இடத்திலே நிமிர்த்தி வையுங்கோ. தம்பி வாற அன்றைக்குத் திறவுங்கோ, குடிக்கிறதுக்குப் புதிசாய் ரண்டு வாங்குங்கோ" என்றேன்.

அவர் போத்தலை ஒரு பழைய சாரத்திலே சுற்றினார்.

"தம்பிக்கு இந்த ஆவணியோடை எழுபத்தொன்று, மாஸ்ரர்" என்றார்.