ஹேவாஹெட்டச் சாரலில் யூக்கலிப்டஸ்

இலங்கைத் தேயிலையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் ஹேவாஹெட்டவை மறவாது குறிப்பிடும். 1867ஆம் ஆண்டு அங்குள்ள லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமையே அதற்குக் காரணம். ஆயின், அத்தேயிலையை உலர்த்திய நெருப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது என வினவுவோர் அரியர்.

கோப்பி வெயிலிலே காய்ந்தது. சதை நீக்கிய கொட்டைகளைத் தளத்திற் பரப்பினாற் போதும். தேயிலைக்கோ அடுப்பு வேண்டும். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி படிப்படியாக அழிய, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்காக வெட்டிய காடுகள் மட்டும் மீளவில்லை. விறகின் தேவை பெருக, விரைந்து வளரும் அவுஸ்திரேலிய மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையேறிற்று. நீலகிரியில் அது 1843இலேயே கால்கொண்டுவிட்டது.

யூக்கலிப்டஸ் என்பது ஒரு மரத்தின் பெயரன்று. பல நூறு இனங்களின் பொதுப்பெயர். 'நன்கு மூடப்பட்டது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் 1788இல் இப்பெயரை இட்டவர் லெரித்தியர் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார். பூவரும்பை மூடிய சிறு தொப்பி கழன்று வீழ்ந்த பின்னரே மகரந்தத் தாள்கள் விரியும். நீலகிரியிற் புகழ்பெற்ற குளோபுலஸ் தஸ்மேனியாவுக்கும் அதை அடுத்த நிலப்பகுதிக்கும் உரியது. நமது மலையகத்தில் மிகுந்திருப்பவை கிராண்டிஸ், றொபஸ்டா, மைக்கிறோகொரிஸ் முதலியன. கிராண்டிஸின் அடிமரத்திற் சில அடி உயரத்துக்குப் பட்டை கரடுமுரடாயிருக்கும். அதற்குமேல் நாடாநாடாக உரிந்து வெண்மையாய் வழுவழுப்புறும். கிழக்கு அவுஸ்திரேலியாவின் ஈரமான பள்ளத்தாக்குகளே அதன் தாயகமாதலின் நம் மலைமழை அதற்கு அந்நியமன்று. சதுப்பு நிலத்துக்குரிய றொபஸ்டாவோ உச்சிவரை தடித்த பட்டையுடையது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் இயல்பே தோட்டக்காரரைப் பெரிதுங் கவர்ந்தது எனலாம்.

தோட்டத்து மக்கள் இதனை 'டர்பன்டைன்' மரம் என்பர். உண்மையான டர்பன்டைன் பைன் மரத்திலிருந்து கிடைப்பது. எனினும் நெடிய வாசனையை நுகர்ந்தோர் இட்ட பெயரைத் தவறெனத் தள்ளுதல் எளிதன்று. அம்மக்களின் முன்னோரும் கடல் கடந்தே வந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மரங்களை எவரும் வினவவில்லை.

இன்று வினவுகின்றனர், வேறொரு காரணத்துக்காக. விரைந்து வளரும் மரம் நீரையும் மிகுதியாக உறிஞ்சும். மகாவலிக்கு நீரூட்டும் இச்சாரல்களில் ஊற்றுக்கண்களின் அருகே அதனை நடலாமா என்பதே அவ்வினா. மண்ணின் ஆழம், மழையளவு, மர நெருக்கம் ஆகியவற்றுக்கேற்ப விடை வேறுபடும். ஆயின் முன்பு அங்கு நின்ற மலைக்காட்டின் பணியை, ஒரே வயதுடைய ஒரே இனத்து மரவரிசை செய்யும் என எவரும் வாதிட முடியாது.