எந்தக் கீழாநெல்லி? மாணவர் ஆய்வேடுகளும் தாவர அடையாளமும்

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும். மயிலாப்பூர் வீடுகளின் பின்கட்டு, அடையாறு அடுக்ககங்களின் சுற்றுச்சுவர் ஓரம், தி.நகர் நடைபாதைக் கல் இடுக்கு என்று எங்கும் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். மஞ்சள் காமாலை என்றதும் அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கும் வழக்கமும் இன்னும் ஓயவில்லை. உள்ளூர்த் தாவரம் ஒன்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னால் மாணவர்களின் கை துளசி, குப்பைமேனி, கீழாநெல்லி என்று போவதில் வியப்பில்லை.

அத்தகைய ஆய்வேடுகள் செல்லும் பாதை பெரும்பாலும் ஒன்றே. செடியைப் பறித்தோ, நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கியோ எத்தனாலில் ஊறவைப்பார்கள். டானின், ஃபிளேவனாய்டு, ஆல்கலாய்டு உண்டா என்று நிறச் சோதனை நடக்கும். பிறகு பாக்டீரியா வளர்த்த தட்டில் குழி வெட்டிச் சாற்றை விட்டு, அதைச் சுற்றித் தெளிந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். முடிவுரையில் ‘மருத்துவக் குணம் நிரூபணமானது’ என்ற வரி வந்துவிடும். கைப்பயிற்சி என்ற அளவில் இதில் குறை ஒன்றுமில்லை. ஆய்வு என்று பெயர் வைத்தால், அளந்தது எந்தச் செடியை என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். அந்த விடை இல்லாத ஆய்வேட்டில் பின்வரும் அட்டவணைகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவற்றை நம்பிப் பயன்படுத்த முடியாது.

இது வெறும் முறைமைப் பிடிவாதம் அல்ல. அடையாற்றுக்குத் தெற்கே, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவன வளாகமே இதற்குச் சான்று. அங்கு பணியாற்றிய எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க் முதலியோருடன் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அந்த வைரஸை நெடுங்காலமாக உடலில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். சிகிச்சை பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளையும் ஒருங்கே சீர்தூக்கிய 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

வேறுபாட்டுக்கான காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது செடியின் அடையாளம். பில்லாந்தஸ் பேரினத்தில் ஒன்றைப்போலவே தோன்றும் சிற்றினங்கள் பல. நெடுங்காலம் இந்தியத் தாவர நூல்கள் கீழாநெல்லியை ‘நிரூரி’ என்றே எழுதின. 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று தெளிவுபடுத்தினார். இந்திய நூல்களின் நிரூரிக்குள் அமாரஸ், ஃபிராடெர்னஸ், டெபிலிஸ் என மூன்று இனங்கள் கலந்துகிடப்பதை மித்ராவும் ஜெயினும் 1980களில் காட்டினார்கள். புளூம்பெர்க் குழுவினரே 1987ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் ‘நிரூரி’ என்றும், மறு ஆண்டு ‘அமாரஸ்’ என்றும் எழுதினார்கள். நோபல் பரிசாளர் இருந்த குழுவுக்கே இந்த நிலை என்றால் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? (அமாரஸின் பூர்வீகமும் வெப்பமண்டல அமெரிக்காதான் என்று கருதப்படுகிறது. ‘உள்ளூர்’ என்ற அடைமொழியைச் சற்று அடக்கியே வாசிக்க வேண்டும்.)

கடைச் சரக்கின் நிலை என்ன? தென்னிந்தியாவில் 25 கடைகளிலிருந்து வாங்கிய கீழாநெல்லியைப் புறத்தோற்றத்தாலும் மரபணு முறையாலும் சோதித்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. 76 சதவீதக் கடைகளில் மிகுந்திருந்தது அமாரஸ். எஞ்சியவற்றில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய மதராஸ்படென்சிஸ் அவற்றில் ஒன்று. ஏறத்தாழ நான்கில் ஒரு கடையில் வேறு செடி என்றால், பொடி வாங்கித் தொடங்கும் ஆய்வின் அடித்தளமே ஆடுகிறது.

புன்னையின் உறவு மரம் ஒன்றின் கதை இன்னும் கடுமையானது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னையின் பேரினம் கலோஃபில்லம். அதே பேரினத்து மரம் ஒன்றின் மாதிரி 1987இல் மலேசியாவின் சரவாக் காட்டில் எடுக்கப்பட்டது. எச்ஐவி வைரஸைத் தடுக்கும் கலனோலைடு ஏ என்ற பொருள் அதில் இருப்பது தெரியவந்தது. மீண்டும் போய்ப் பார்த்தால் மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து மரங்களிலோ அந்த வீரியம் இல்லை. முதல் மரத்திலிருந்து பாடம் செய்து வைத்த உலர் மாதிரி இருந்ததால்தான் அதன் துல்லியமான வகையை அறிந்து, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் அவ்வகை மரத்தைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

அடையாளம் காண வேண்டும், உலர் மாதிரி வைக்க வேண்டும் என்பதற்கு எதிராக ஆசிரியர்கள் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: அடையாளம் காண்பது வல்லுநர் வேலை, மாணவருக்கு நேரமும் பணமும் ஏது? கீழாநெல்லி விஷயத்தில் இந்த வாதம் நிற்காது. இலைக்குக் கீழே காய் தொங்குவதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், இந்த உறவினங்களில் பலவும் அப்படித்தான் காய்க்கின்றன. ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பூவிதழ்களை எண்ணினால் அமாரஸில் ஐந்து, ஃபிராடெர்னஸிலும் டெபிலிஸிலும் ஆறு. காயின் தோல் சொரசொரப்பாக இருந்தால் அது யூரினேரியா என்ற இன்னொரு இனம். பூவும் காயும் உள்ள முழுச்செடியை வேரோடு எடுத்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதித் தாளில் ஒட்டினால் மாதிரி ஆயிற்று. ஆகும் செலவு ஆய்வேட்டை பைண்டிங் செய்யும் கூலியைவிடக் குறைவு.

ஒப்பிட்டுப் பார்க்க நூலும் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகம் 1929இல் வெளியிட்ட பி.வி. மயூரநாதனின் சென்னை நகரப் பூக்கும் தாவரங்கள் பற்றிய நூல், அன்றைய நகரத்தில் எது வளர்ந்தது என்று சொல்கிறது. இன்று லஸ்ஸிலும் பனகல் பூங்கா அருகிலும் மெட்ரோ பணிக்காக மண் புரண்டு கிடக்கிறது. அந்த மண்ணில் எந்தப் பில்லாந்தஸ் முதலில் முளைக்கிறது, வாகனப் புகை படியும் சாலையோரச் செடியில் ஈயம் எவ்வளவு, அதே செடி அடையாறு முகத்துவாரத்தின் உப்பு மண்ணில் எப்படி வளர்கிறது என்பவை இவ்வூர் மாணவர் எளிதாக அணுகக்கூடிய கேள்விகள். பாக்டீரியாத் தட்டில் வட்டம் அளப்பதைவிட இவை மேலான ஆய்வுகள்.

10 முதல் 17 வயதுச் சிறார்கள் பங்கேற்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டு நடுவர்களும், கல்லூரி மாணவர் திட்டங்களுக்கு நிதி தரும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும் முடிவு அட்டவணைக்கு முன்பாக உலர் மாதிரித் தாளைக் கேட்க வேண்டும். கல்லூரிகள் செய்ய வேண்டியது இன்னொன்று. ஆய்வேட்டை ஆறாம் பருவத்தில் தொடங்கச் சொன்னால் மாணவர் வெளியே போகும்போது கீழாநெல்லி காய்ந்து போயிருக்கும். செடி பூத்துக் காய்க்கும் அக்டோபர், நவம்பரிலேயே அவர்களைத் தெருவுக்கு அனுப்புங்கள்.